செங்கோட்டைச் சாரலில் மூன்று வருடம்: வளரும் பிள்ளையின் துணி அலமாரி

செங்கோட்டை, புளியரை பக்கம் துணி அலமாரிக்குப் பரீட்சை ஜூனில்தான். நாலு நாள் வெயில் தலைகாட்டாவிட்டால், மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்பலகையில் பூஞ்சை படர்ந்துவிடும். சுவருக்கும் பலகைக்கும் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். முடிந்தால் மழை அடிக்காத உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

7 அடி உயரம், 4 அடி அகலம், 22 அங்குல ஆழம். பிள்ளையின் 13 வயதில் அடுக்கத் தொடங்கி 16 வரை ஓடிய அலமாரி இது. ஒரு பாதியில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி, சட்டைகளுக்கு. கீழ்க்கம்பி கழற்றக்கூடியதாக இருந்தது பெரிய உதவி; நீளமான சுடிதார் வந்ததும் அதை எடுத்துவிட்டால் போதும். மறுபாதியில் தட்டுகள். இடைவெளி 12 அங்குலத்துக்கு மேல் போனால் அடுக்கு உயர்ந்து, அடியிலுள்ள பனியனை இழுக்கும்போது மொத்தமும் சரியும். பனியன்களைச் சிறிதாக மடித்துக் கூடையில் புத்தகம்போல நிறுத்தினால் அந்தத் தொல்லையே இல்லை.

உள்ளே வாடை வருவதற்கு முக்கியக் காரணம் ஒருமுறை போட்ட துணி. டியூஷனுக்குப் போட்ட ஜீன்ஸ் அழுக்கும் இல்லை, சுத்தமும் இல்லை. அது நாற்காலியில் குவியும், அல்லது வியர்வை ஈரத்தோடு துவைத்த துணி நடுவே போகும். பிறகு அந்தத் தட்டு முழுக்க மக்கிய வாடைதான். இதற்கென்று அறைக் கதவின் பின்னால் 6 அங்குலத்துக்கு ஒன்றாக 5 கொக்கி அடித்தோம். கொக்கி நிறைந்தால் அடுத்தது நேராகத் துவைக்கும் கூடைக்கு. மூன்று வருடத்தில் அதிகம் பலன் கொடுத்தது இந்த ஒரு ஏற்பாடுதான். கூடை மூடியில்லாததாக, ஓட்டை உள்ளதாக இருக்கட்டும். இஸ்திரி போட்ட துணியையும் சூடு ஆறின பிறகே உள்ளே வையுங்கள். நீராவி அதில் தங்கியிருக்கும்.

பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கதவு தேறவில்லை. ஈரத்தில் பலகை ஊதி, கீல் திருகு பிடிப்பு விட்டது. ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, பசை தடவிய மர ஆணி அடித்து, மறுநாள் அதில் திருகினால் நிற்கும். புதிதாகச் செய்வதானால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டே கேளுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் படாமல் அடியில் 4 அங்குலப் பீடம் வைக்கச் சொல்லி ஆசாரியிடம் வற்புறுத்துங்கள்.

ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கதவு மூடியிருக்க வேண்டும். கீழே தட்டு வைக்காமல் வைக்காதீர்கள். டப்பாவில் சேரும் தண்ணீர் சிந்தினால் பிசுபிசுப்பு லேசில் போகாது.

ஓணத்துக்கு எடுத்த கசவு வேட்டியை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளிச் சரிகையைக் கறுக்க வைக்கும். பாச்சை உருண்டையும் சரிகையில் நேரே படக்கூடாது.

ஏப்ரல் வெயிலில் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். பேன்ட்டுகளைப் போட்டுப் பார்க்க வைப்பதும் அன்றைக்கே. கணுக்காலுக்கு மேல் ஏறினவை மறுபடி உள்ளே போக வேண்டாம்.