வாசல் முகப்புக்குச் செங்கல்லா, கருங்கல்லா?

சிங்கப்பூரின் சிராங்கூனில் தரைவீடு புதுப்பிக்கும் அண்ணன் கேட்டார்: முகப்புக்கு எது நல்லது? என் மனம் செங்கல் பக்கம்தான். ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வெள்ளைச் சுவரை அருகில் நின்று பாருங்கள். நூறாண்டு தாண்டியும் அந்த நிறத்தில் உயிர் இருக்கிறது.

ஆனால் இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. செங்கல் நீரை உறிஞ்சும். காயும்போது உள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து, மாவு தூவியது போல் வெள்ளையாகப் பூக்கும். பெயின்ட் அடித்து அதை மறைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உலர்ந்த பிரஷால் தேய்த்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் செங்கல்லைவிடச் சாந்து இணைப்பில்தான் கோளாறு இருக்கும்.

கருங்கல் நீரை அதிகம் குடிக்காது. 1851இல் ஒளியேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைப் புலாவ் உபின் தீவின் கருங்கல்லில்தான் கட்டினார்கள். கடலலை நடுவே இன்றும் நிற்கிறது. எடைதான் சிக்கல். உயரத்தில் பதிக்கும் கற்பலகைகளுக்குப் பசை மட்டும் போதாது, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன்: மழைச்சாரல் அடிக்கும் அடிப்பகுதிக்குக் கருங்கல், கூரை நிழல் விழும் மேற்சுவருக்குச் செங்கல்.