பழைய மஸ்டாங்குக்கு பெர்ட்ரோனிக்ஸ் இக்னிட்டர்: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

பழைய அமெரிக்க வி8 கார் ஒன்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் தாமே பராமரிப்பவர்களுக்கு, எஞ்சினில் எதை முதலில் மேம்படுத்துவது என்ற கேள்வி எழும்போது கார்புரேற்றர், எக்சோஸ்ற், கம் தண்டு என்று ஆசை பல திசைகளில் ஓடும். என்னைக் கேட்டால் பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் ஒளிந்திருக்கும் பொயின்ற் செற்றைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். 1966ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங்கின் 289 கன அங்குல எஞ்சினில் அதைக் கழற்றிவிட்டு, பெர்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘இக்னிட்டர்’ என்ற மின்னணு எரிபற்றல் கருவியைப் பொருத்தியிருக்கிறேன். வாடை மழையிலும் தென்மேற்குக் கச்சான் காற்றடிக்கும் வெயிலிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கறாராகப் பேசினால், நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினை வைத்து 1964இல் வந்த பொன்ரியாக் ஜிரிஓ போன்றவையே மசில் கார் எனப்படும். அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அறிமுகமான மஸ்டாங்கைத் தனி வகையாகப் பிரிப்போரும் உண்டு. எரிபற்றல் விடயத்தில் அந்தப் பாகுபாட்டுக்கு வேலையே இல்லை. அக்காலத்து ஃபோர்ட்டோ செவர்லேயோ டொட்ஜோ, எதை எடுத்தாலும் பிளக்குகளுக்குப் பொறி கிடைத்தது பெரும்பாலும் பொயின்றாலும், அதன் முகங்கள் எரியாமல் காக்கும் கொண்டென்சராலும்தான்.

பொயின்ற் என்பது, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் கொயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுக்கின்ற ஒரு சிறிய ஆளி. டிஸ்ரிபியூட்டர் தண்டிலுள்ள எட்டு முனைக் கம், நார்க்கட்டை ஒன்றைத் தள்ளி அதைத் திறக்கிறது. எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு பொறிகள் வேண்டும் என்பதால், நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலில் நிற்கும்போதே அது வினாடிக்கு 40 தடவை திறந்து மூடுகிறது. 4000 சுற்றில் அந்த எண்ணிக்கை 266ஐத் தாண்டுகிறது. இத்தனை வேலையையும் 0.017 அங்குல இடைவெளியை நம்பியே அது செய்ய வேண்டியிருக்கிறது. நார்க்கட்டை தேயத் தேய அந்த இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினால் பொறி பிந்தும். பொறி பிந்தினால் எஞ்சின் சூடாகும், இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும்.

குளிர்ந்த, உலர்ந்த ஊரில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் அப்படிப்பட்டதல்ல. உவர்மலையில் நிறுத்திவைத்த காரின் மீதும் உப்புக் காற்று படிகிறது. ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடையின் ஈரம் மூடிக்குள் புகுந்து விடுகிறது. கச்சான் அடிக்கும் மாதங்களிலோ எஞ்சின் அறையில் கைவைக்க முடியாத வெப்பம். நான் கடைசியாகக் கழற்றிய பொயின்றின் இரு முகங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, ஒன்றில் குழியும் மற்றதில் அதே அளவு முனைப்பும் எழுந்திருந்தன. கொண்டென்சரின் கட்டுப்பட்டிக்குக் கீழே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. நார்க்கட்டையின் முனை கண்ணாடிபோல மினுங்கித் தேய்ந்திருந்தது. இவற்றுக்கு மாற்று வாங்குவதும் எளிதல்ல. நகரில் முச்சக்கர வண்டிக்கும் ஜப்பானிய வானுக்கும் எந்தப் பாகத்தையும் எடுத்துவிடலாம், ஆனால் ஓட்டோலைற் டிஸ்ரிபியூட்டரின் பொயின்றைக் கேட்டால் கடைக்காரர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் சில வேளை கிடைக்கும். கிடைப்பதன் தரமோ வாங்குபவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

289 எஞ்சினின் ஓட்டோலைற் டிஸ்ரிபியூட்டருக்கு உரிய இக்னிட்டரின் மொடல் இலக்கம் 1281. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு உணரி, கம்மின் மீது சொருகும் காந்த வளையம், இடைவெளியைச் சரிபார்க்க ஒரு பிளாஸ்ரிக் துண்டு, சில இணைப்பு முனைகள் ஆகியவற்றுக்கு மேல் அந்தச் சிறு பெட்டியில் பெரிதாக எதுவும் இல்லை. வளையத்தில் பதிந்துள்ள காந்தங்கள் ஒவ்வொன்றும் கடந்து செல்லும்போது, ஹோல் விளைவு உணரி அதை உணர்ந்து கொயிலின் மின்னோட்டத்தை அறுக்கிறது. ஒன்றோடொன்று உரசும் பாகம் இல்லை என்பதால் தேய்வும் இல்லை, இடைவெளி குறுகுவதும் இல்லை. இதன் பெறுமதி முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

பொருத்துவது கடினமான வேலையல்ல. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, மூடியின் இரு கவ்விகளையும் விடுவித்து, ரோட்டரை எடுத்துவிட்டால் பொயின்றும் கொண்டென்சரும் கண்முன்னே இருக்கும். அவற்றின் திருகாணிகளைக் கழற்றும்போது கீழே துணி ஒன்றை விரித்துக்கொள்ள வேண்டும்; டிஸ்ரிபியூட்டருக்குள் விழுந்த திருகாணியை எடுப்பதற்கு முழு டிஸ்ரிபியூட்டரையும் கழற்ற நேரிடலாம். பொயின்ற் தட்டையும் டிஸ்ரிபியூட்டரின் உடலையும் இணைக்கும் பின்னிய சிறு புவிக்கம்பியைக் கட்டாயம் அதே இடத்தில் மீண்டும் பூட்ட வேண்டும். பொறி விழும் நேரத்தை எஞ்சினின் வெற்றிடத்தால் முன்தள்ளும் வெற்றிட முன்னேற்றி, தட்டை அசைக்கும்போதெல்லாம் உணரிக்குப் புவித்தொடர்பு தருவது அந்தக் கம்பிதான். பலர் அதைப் பழைய குப்பை என்று வீசிவிடுகிறார்கள். காந்த வளையத்தைக் கம்மின் மீது வைத்து, சற்றே திருப்பி, அது தட முனைகளில் அமர்வதை விரலால் உணர்ந்த பின்னர் அழுத்த வேண்டும். பிறகு வளையத்துக்கும் உணரிக்கும் நடுவே அந்தப் பிளாஸ்ரிக் துண்டு தாராளமாக நுழையும்படி வைத்துத் திருகாணியை இறுக்கினால் வேலை முடிந்தது.

உண்மையில் கவனம் தேவைப்படுவது மின்சாரம் கொடுக்கும் விதத்தில்தான். பொயின்ற் சீக்கிரம் எரிந்துபோகாமல் இருப்பதற்காக, மஸ்டாங்கின் எரிபற்றல் சாவியிலிருந்து கொயில்வரை ஃபோர்ட் ஓர் இளஞ்சிவப்புத் தடைக்கம்பியைப் போட்டிருக்கிறது. அதன் வழியே கொயிலுக்கு 12 வோல்ற் முழுமையாகப் போய்ச் சேராது. இக்னிட்டரின் சிவப்புக் கம்பிக்கோ முழு 12 வோல்ற் வேண்டும். இரண்டையும் அப்படியே கொயிலின் நேர்முனையில் சேர்த்துவிட்டால் கார் ஓடத்தான் செய்யும். ஆனால் சூடேறிய நிலையில், முகப்பு விளக்கும் வைப்பரும் இயங்கும் மழை இரவில், பொறி தடுமாறத் தொடங்கும். இந்தக் கருவி சரியில்லை என்று சொல்பவர்களின் காரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கம்பியைத்தான்.

இதற்கு, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஆளியான ஒரு சாதாரண நான்கு முனை ரிலே போதும். முச்சக்கர வண்டிப் பாகக் கடையில் 30, 85, 86, 87 என்று இலக்கமிட்ட ரிலே சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இளஞ்சிவப்புக் கம்பியை 86இல் கொடுத்து, 85ஐப் புவியோடு இணைத்து, ஸ்ரார்ட்டர் சொலனோயிட்டின் பற்றரி முனையிலிருந்து 20 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு மின்சாரம் எடுத்து, 87இலிருந்து கொயிலுக்கும் சிவப்புக் கம்பிக்கும் பகிர்ந்தேன். ரிலேயின் சுருள் இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் தடைக்கம்பியில் ஏற்படும் இழப்பு அதற்கு ஒரு பொருட்டாவதில்லை. அசல் வயரிங்கில் ஓரிடத்தையும் வெட்ட வேண்டியதுமில்லை. ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் மின்சாரம் தரும் பழுப்புக் கம்பியையும் இளஞ்சிவப்புக் கம்பியோடு 86இலேயே சேர்த்துவிட வேண்டும். அதை மறந்தால் ஸ்ரார்ட்டர் சுற்றும், எஞ்சின் பற்றாது. முழு 12 வோல்ற்றில் இயக்குவதால் கொயிலின் முதன்மைத் தடை 1.5 ஓமுக்குக் குறையக் கூடாது. கடலோரத்தில் வசிப்பவர்கள் எல்லா இணைப்பு முனைகளையும் ஈயம் பற்றவைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடுவது நல்லது. வெறுமனே நசுக்கிய முனைக்குள் இங்கே உப்பு புகுந்துவிடும்.

உணரி மின்னோட்டத்தை அறுக்கும் கணம் பழைய பொயின்றின் கணத்தோடு ஒத்துப்போகாது. எனவே பொறி விழும் நேரத்தைக் காட்டும் ரைமிங் லைற் இல்லாமல் இந்த வேலையை முடித்துவிட்டதாக எவரும் நினைக்கக் கூடாது. வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை ஐடிலில் வைத்துப் பார்க்க வேண்டும். இரட்டைத் தொண்டைக் கார்புரேற்றர் கொண்ட, 9.3க்கு 1 அமுக்க விகிதமுள்ள 289க்குத் தொழிற்சாலை சொல்வது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6 பாகை முன் பொறி விழ வேண்டும் என்பது. நான் 10 பாகையில் வைத்து 95 ஒக்ரேன் பெற்றோல் அடிக்கிறேன். மிதியை அழுத்தியவுடன் எஞ்சின் உடனே பதில் சொல்கிறது, தட்டல் சத்தம் இல்லை. 92 ஒக்ரேன் அடிப்பவர்கள் கச்சான் மாதங்களில் 6 பாகையைவிட்டு அதிகம் ஏறாமலிருப்பதே எஞ்சினுக்கு நல்லது. பிளக் கம்பிகளையும் இந்தச் சந்தர்ப்பத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். வெறும் செம்புக் கம்பியுள்ள பிளக் வயர்கள் உணரிக்கு இடைஞ்சல் தரும் என்பதால் தடையுள்ள வயர்களையே போட வேண்டும். 289இன் பற்றும் ஒழுங்கு 1-5-4-2-6-3-7-8. 7உம் 8உம் அடுத்தடுத்துப் பற்றுவதோடு பக்கத்துப் பக்கத்திலும் இருப்பதால், அவ்விரண்டு வயர்களையும் ஒட்டிப் போகவிடாமல் பிரித்துக் கட்டுவது அவசியம்.

இப்போது காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பற்றிக்கொள்கிறது. வாடைக்காலத்தில் முன்பு மூடியைக் கழற்றித் துடைத்து, பொயின்றுக்கு அரத்தாள் போட்டுத் தொடங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி. ஐடில் சீராக நிற்கிறது. நிலாவெளி வீதியில் மூன்றாம் கியரில் மெதுவாக ஊர்ந்து போகும்போது முன்பிருந்த குலுக்கல் இல்லை. ஆனால் குதிரைவலு கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகச் சரியாக வைத்த பொயின்றுக்கும் இதற்கும் சாதாரண வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை; அந்தச் சரியான நிலை மாதக்கணக்கில் அப்படியே நிற்பதுதான் இலாபம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று முக்கியம். எங்கள் ஊரிலிருந்து கண்டி வீதியில் கந்தளாயைக் கடந்துவிட்டால் ஹபரணைவரை பெரும்பகுதி காடு; மாலையில் யானை வரும் பாதை. அங்கே கார் நின்றால் உதவிக்கு வரும் மெக்கானிக்கிடம் 1966 ஃபோர்ட்டுக்குரிய எந்தப் பாகமும் இருக்காது. இக்னிட்டர் கைவிட்டால், வெட்டாமல் துளைக்காமல் பொருத்திய கருவி என்பதால், பழைய பொயின்றையும் கொண்டென்சரையும் ஒரு திருகாணிச் சாவியாலேயே மீண்டும் பூட்டி வீடு வந்து சேரலாம். அவற்றை இடைவெளி அளக்கும் தகட்டோடு சேர்த்து டாஷ்போர்ட் அறையில் வைத்திருக்கிறேன். பற்றரியும் பெற்றோல் பம்பும் கணினியும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டிய எரிபொருள் உட்செலுத்தல் கருவிகளை இந்தக் காருக்கு நான் இன்னும் தெரிவு செய்யாததன் காரணமும் இதுவே.

இதன் பலவீனங்களையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் சாவியை நீண்ட நேரம் ‘ஓன்’ நிலையில் விட்டால் கொயிலும் உணரியும் சூடேறிக் கெட்டுப்போகும். நின்ற காரில் வானொலி கேட்பவர்கள் சாவியைத் துணைநிலையில் வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கம்பிகளை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். பற்றரி மிகவும் இறங்கிய நிலையில், பொயின்ற் ஒரு மெல்லிய பொறியையாவது தரும், இது தராது. ஆகவே தள்ளி ஸ்ரார்ட் செய்வதை நம்பியிருப்பவர்கள் முதலில் பற்றரியைக் கவனிக்கட்டும்.

டிஸ்ரிபியூட்டரின் தேய்வை இது குணப்படுத்தாது. தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து ஆட்டம் தெரிந்தால், புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படியே பொருத்தினால் காந்த வளையம் உணரியில் உரசும். மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்குப் புஷ் கடைந்து பழகிய நம் ஊர் லேத் வேலைத்தளங்கள் இதற்கு வெண்கலப் புஷ்ஷை அருமையாகச் செய்து கொடுக்கின்றன. வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும், அடியிலுள்ள மையவிலக்குப் பாரங்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். மூடியை வாங்கும்போது அலுமினிய முனைகளைத் தவிர்த்துப் பித்தளை முனைகள் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். அலுமினியத்தில் இங்கே சீக்கிரமே வெள்ளைப் பொடி பூத்துவிடும்.

1966 மஸ்டாங்கில் பிறேக்குக்கு ஒரே ஒரு ஒயில் சுற்றுதான். ஒரு குழாய் உடைந்தால் நான்கு சில்லுகளும் பிறேக்கை இழந்துவிடும். இரட்டைச் சுற்று 1967 மொடலிலேயே வந்தது. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் அது பிறேக்குக்கே போக வேண்டும், இக்னிட்டர் காத்திருக்கலாம்.

இலங்கையில் இதை இருப்பில் வைத்து விற்கும் கடையை நான் காணவில்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினரின் பயணப்பெட்டியில் எனக்கு வந்து சேர்ந்தது. விலை நூறு அமெரிக்க டொலரை ஒட்டியது. அடுத்த படியான இக்னிட்டர் 2இல் கம்பி மாறினாலும் தாங்கும் பாதுகாப்பு இருக்கிறது, 0.6 ஓம் கொயிலோடும் அது வேலை செய்யும். வயரிங் வேலையில் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்து அதையே எடுக்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு 1281உம் ஒரு நல்ல ரிலேயும் போதும்.