தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால்: குழந்தைக்குத் தடுப்பூசியா, இம்யூனோகுளோபுலினா, தாய்க்கு மாத்திரையா?

தாய்க்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அப்போ சிசேரியன்தானா?" இல்லை. இந்த வைரஸுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். யோசிக்க வேண்டியவை வேறு மூன்று.

தடுப்பூசியின் முதல் டோஸைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். விலை குறைவு, பலன் நீண்டகாலம். எதிர்ப்புச் சக்தி உருவாக நாளாகும் என்பதுதான் குறை. ஆனால் இந்த வைரஸும் மெதுவாகத்தான் தலைதூக்கும், அதனால் சீக்கிரம் போட்டால் பெரும்பாலும் ஊசியே முந்திவிடும்.

இம்யூனோகுளோபுலின் அப்படியல்ல. மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த, தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதம். 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசி போடாத தொடையில் போடுவார்கள். உடனே வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துவிடும். விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதுமில்லை. இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு கூடும். அதற்காக, இது வரட்டும் என்று தடுப்பூசியையும் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

சரி, மாத்திரை எதற்கு? தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால், இரண்டு ஊசியையும் மீறிச் சில குழந்தைகளுக்குத் தொற்றிவிடுகிறது. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தருவது அதனால்தான். வைரஸ் அளவைப் பார்க்க வசதியில்லாத இடங்களில், தொற்றுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்குமே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வழி திறந்தது. பிரசவத்துக்குப் பின் மாத்திரையை நிறுத்தும்போது சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரென எகிறும், அதனால் தாயையும் கண்காணிக்க வேண்டும்.

2018-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு ஊசியும், பெரும்பாலும் பிறந்த ஒன்றேகால் மணி நேரத்திலேயே போடப்பட்டன. டெனோஃபோவிர் எடுத்த தாய்மாரின் 147 குழந்தைகளில் யாருக்கும் தொற்றவில்லை. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களின் 147 குழந்தைகளில் மூன்றே பேருக்குத் தொற்றியது. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசமே இல்லை. ஊசி அவ்வளவு சீக்கிரம் போனால் மாத்திரைக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். என் ஓட்டு, முதல் மணி நேரங்களில் போடும் தடுப்பூசிக்கு. வைரஸ் அளவு அதிகமுள்ள தாய்க்கு மட்டும் மூன்றையும் சேர்த்தே கேட்பேன்.

அப்புறம், மீதி டோஸ்களையும் முடித்து, 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன் பார்த்தால், இரவல் வாங்கிய இம்யூனோகுளோபுலினையே குழந்தையின் சொந்த எதிர்ப்புச் சக்தி என்று முடிவு காட்டிவிடும்.