ரஷ்யக் கோரர்: பதினெட்டு வருடம் கையாண்ட பிறகு

பழைய காலத்து மழையையும் காட்டையும் ஆராய வருகிற மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சேறு எடுக்க எதை வாங்கலாம், மேடம்?" என்றுதான். சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த சேற்றில் அந்தந்தக் காலத்து மகரந்தம் புதைந்திருக்கும்; அடுக்குக் கலையாமல் அதை எடுக்க வேண்டும். என் பதில் எப்போதும் ரஷ்யக் கோரர் என்ற கைத்துளைக் கருவி. காரணம் சொல்கிறேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம் நீலகிரிச் சதுப்பில் திருகு துளைப்பானை இரவல் வாங்கி இறக்கினேன். நான்கு மாதம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து மகரந்தம் எண்ணினேன். 80 சென்டிமீட்டர் ஆழத்துச் சேற்றில் ஒரு சீகை (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) மகரந்தம் வந்தது. சின்னச் சின்ன மணிகள் பதினாறு ஒட்டி ஒரே உருண்டையாக இருக்கும். பார்த்ததும் கண்ணில் படும். ஆனால் சீகை, வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். ஆயிரக்கணக்கான வருடப் பழைய சேற்றில் அதற்கு என்ன வேலை? துளைப்பான் மேல்சேற்றைக் கீழே இழுத்துப் போயிருக்கிறது. நான்கு மாத எண்ணிக்கையும் வீண். அன்று ராத்திரி அழுதேன்.

அப்புறம்தான் ரஷ்யக் கோரர் கைக்கு வந்தது. நெட்டுவாக்கில் பிளந்த அரை மீட்டர் எஃகுக் குழாய், அதன் வாயை மூடும் தகடு, மீட்டர் மீட்டராகத் திருகிச் சேர்க்கும் கம்பிகள், மேலே குறுக்குக் கைப்பிடி, அவ்வளவுதான். மூடிய வாயோடு அழுத்தி இறக்க வேண்டும். வேண்டிய ஆழத்தில் கைப்பிடியை அரைவட்டம் திருப்பினால், தகடு அசையாமல் நிற்கும். குழாய் அதைச் சுற்றி வந்து சேற்றை அறுத்து உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். வெளியே எடுத்துத் திறந்தால், தகட்டின் மேல் அந்த ஆழத்துச் சேறு மட்டும் படுத்திருக்கும். மேலே வேர் பின்னிய பழுப்பு, கீழே போகப்போக வெண்ணெய்போல் வழவழக்கும் கறுப்பு. காற்றுப் பட்டதும் நிறம் மாறத் தொடங்கிவிடும், அதனால் முதலில் படம் எடுங்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கருவி எடுத்த ஆழச்சேற்றில் ஒரு சீகை உருண்டையைக்கூட நான் பார்த்ததில்லை. மேலே சில சென்டிமீட்டரோடு அது நின்றுவிடும். அதற்குக் கீழே புல், சோலை மரங்கள், நான்கு நான்காக ஒட்டியிருக்கும் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மகரந்தம்.

இந்தச் சேறு சாதாரணமானதல்ல. விஞ்ஞானிகள் சுகுமார், ரமேஷ் குழுவினர் 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை நீலகிரிச் சதுப்பின் கரிமத்தைக் கொண்டு 20,000 வருடம் பின்னே போனது. பனியுக உச்சத்தில் மலை வறண்டு, புல் ஓங்கியிருந்ததைக் காட்டியது. அடுக்குக் கலைந்திருந்தால் இதையெல்லாம் யார் சொல்ல முடியும்?

குறைகளும் உண்டு. மணலிலும் சரளையிலும் இறங்காது. புதைந்த மரத்துண்டு தட்டினால் தகடு வளையும். கிடைக்கிற சேறும் கொஞ்சம்தான். ஆனால் இப்போதைய முடுக்கிவழிக் கரிமக் காலக்கணிப்புக்கு (சேற்றின் வயதைக் கண்டறியும் AMS முறை) ஒரு மில்லிகிராம் கரிமம் போதும் என்பதால் அது பெரிய தடையில்லை. முனை கீழே உள்ளதைக் கொஞ்சம் குலைக்கும். ஆகவே ஒரே குழியில் தொடராமல் பக்கத்தில் இன்னொரு குழி போட்டு, இரண்டு குழியிலும் மாறி மாறி, ஒவ்வொரு துண்டும் முந்தையதோடு பத்து சென்டிமீட்டர் மேல்படிய எடுங்கள்.

வாங்கும்போது கம்பிகளைத் திருகிச் சேர்க்கும் மரையைப் பாருங்கள். ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கிய கோரர் இரண்டாவது மீட்டரில் மரை வழுக்கிக் குழாயைச் சேற்றுக்குள்ளேயே விட்டுவிட்டது. முழங்கால் சேற்றில் நான்கு பேர் ஒரு பகல் முழுக்கத் துழாவியும் கிடைக்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி, இரண்டு பைப் ரென்ச் போட்டு இறுக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். தகட்டு விளிம்பில் வெல்டிங் பிசிறு இருந்தால் வேண்டாம்.

என்னுடையதை வரும் ஜனவரியில் என் மாணவி எடுத்துப் போகிறாள். விளிம்பை நேற்று அரம் போட்டுத் தீட்டி வைத்திருக்கிறேன்.