நெல்லையிலிருந்து சென்னை: வாகைக்குளம் விமானமா, வந்தே பாரத்தா?

தூத்துக்குடி விமானநிலையம் இருக்கும் வாகைக்குளம், சென்னை விமானநிலையம் இருக்கும் மீனம்பாக்கம் இரண்டுக்கும் இடையே வான்வழி சுமார் 530 கி.மீ. தான். ஆனால் நம் ஊர்க்காரர் விமானநிலையத்தில் குடியிருக்கவில்லையே, கணக்கை வீட்டுவாசலிலிருந்து போட வேண்டும்.

நேரம்
விமானம்: பறப்பது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நெல்லை ஜங்ஷனிலிருந்து வாகைக்குளம் சுமார் 30 கி.மீ., கார் முக்கால் மணி எடுக்கும். முன்கூட்டியே போய்க் காத்திருப்பு, இறங்கியபின் பெட்டிக்காக நிற்பது, மீனம்பாக்கத்திலிருந்து வீடு. எல்லாம் சேர்ந்தால் ஐந்து மணி நேரம்.
வந்தே பாரத்: காலையில் ஏறினால் மதியம் எழும்பூர், எட்டு மணி நேரத்துக்குள். தாம்பரத்திலும் நிற்கும். குரோம்பேட்டை, பல்லாவரம் ஆட்களுக்கு இது பெரிய சௌகரியம்.

ஆக, மிச்சமாவது மூன்று மணி நேரம். விமானம் தாமதமானால் அதுவும் போச்சு.

செலவு
ரயில்: சேர் கார் சுமார் 1,600 ரூபாய்.
விமானம்: தீபாவளி, பொங்கல் வந்தால் டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு இரண்டு பக்கமும் டாக்சி.

சாமான்
விமானத்தில் பொதுவாக 15 கிலோ. மகளுக்கு அரிசி, கருப்பட்டி, எண்ணெய் என்று கட்டும் அம்மாக்களுக்கு ரயில்தான்.

காலையில் கிளம்பி மதியமே வேலை முடிக்க வேண்டியவருக்கும், சென்னையில் வேறு விமானம் மாறுபவருக்கும் வாகைக்குளம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வந்தே பாரத். பகலை வீணாக்க மனமில்லை என்றால், இருக்கவே இருக்கிறது நெல்லை எக்ஸ்பிரஸ். படுத்துக்கொண்டே போகலாம்.