மலக்குடல் புற்றுநோய் திரும்புமா: டி.என்.ஏ அளவை நம்புவதா, வெட்டு விளிம்பை நம்புவதா?

அறுவைக்குப் பிறகு கட்டி திரும்புமா என்று கணிக்க 1980-களில் இரண்டு அளவுகள் முன்னுக்கு வந்தன: கட்டிச் செல்லில் உள்ள டி.என்.ஏ அளவு, அறுத்தெடுத்த திசுவின் ஓரமான வெட்டு விளிம்புக்கும் கட்டிக்கும் உள்ள இடைவெளி. எங்கள் ஓட்டு விளிம்புக்குத்தான்.

டி.என்.ஏ அளவுக்கு வழக்கமான வழி ஃப்ளோ சைட்டோமெட்ரி: சாயமிட்ட உட்கருக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளப்பது. திசுவை மெழுகில் புதைத்த பேரஃபின் பிளாக்கில் 50 மைக்ரான் சீவல் எடுத்து, சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வழியே நீருக்குக் கொண்டுவந்து, பி.எச். 1.5-இல் புரதத்தைச் செரிக்கும் 0.5% பெப்சினில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிரிந்த உட்கருக்களுக்கு ப்ரொப்பிடியம் அயோடைடு சாயம். கூடவே ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நொதியைச் சேர்க்காவிட்டால் சாயம் ஆர்.என்.ஏ-விலும் ஒட்டி அளவு பொய்யாகும். கிடைக்கும் வரைபடத்தில் கட்டிச் செல்கள் குவியும் முகட்டின் டி.என்.ஏ அளவை இயல்புச் செல் முகட்டின் அளவால் வகுத்தால் டி.என்.ஏ குறியீடு கிடைக்கும்: 1.0 என்றால் டிப்ளாய்டு (இயல்பான டி.என்.ஏ அளவு), விலகினால் அனியூப்ளாய்டு (இயல்பு பிறழ்ந்த அளவு).

சறுக்கும் இடங்கள் பல. சீவல் மெல்லிசாக இருந்தால் உட்கருக்கள் பாதியாக வெட்டுப்பட்டுக் குப்பை பெருகும். பிளாக்கில் முகடு அகன்று விழுவதால் 1.1 போன்ற சிறு விலகல் மறைந்துவிடும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின், சாயம் ஏறுவதையே மாற்றிவிடுவதால் வெளியிலிருந்து இயல்புச் செல்லைச் சேர்த்து ஒப்பிட முடியாது. இடக்கோடி முகடே இயல்பு என்று வைத்துக்கொள்கிறோம். கட்டியில் டி.என்.ஏ குறைந்திருந்தால் அந்த ஊகமே தவறு. ஒரே கட்டியின் வேறு வேறு துண்டுகள் வேறு விடை தருவதும் உண்டு. ஒரே துண்டை வைத்து டிப்ளாய்டு என்று எழுதிவிடக் கூடாது.

பயாப்சி சிறிதென்றால் டி.என்.ஏ-வில் மட்டும் ஏறும் ஃபோயில்கன் சாயமிட்டு, நுண்ணோக்கிப் படம்வழி அளப்பது மேல். கட்டிச் செல்லைக் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம், சில நூறு உட்கருக்கள் போதும். ‘பூவின்’ (Bouin) எனப்படும் அமிலக் கரைசலில் பதப்படுத்திய திசு மட்டும் உதவாது. அதன் அமிலம் டி.என்.ஏ-வைச் சிதைத்துவிடும்.

விளிம்புக்கு வருவோம். 1986-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் நோயியல் மருத்துவர் ஃபிலிப் க்வர்க் குழுவினர் 52 நோயாளிகளின் மலக்குடல்களை முழுதும் குறுக்காகச் சீவிப் பார்த்தார்கள். 14 பேரில் பக்கவாட்டு வெட்டு விளிம்பை நோய் எட்டியிருந்தது. அவர்களில் 12 பேருக்கு இடுப்புக்குள் திரும்பியது. மலக்குடல் கட்டிகளின் டி.என்.ஏ அளவையும் ஆராய்ந்தவர் இதே க்வர்க். இன்று 1 மில்லிமீட்டர் அல்லது அதற்குள் என்றால் விளிம்பு பாதிக்கப்பட்டது என்கிறோம். எம்.ஆர்.ஐ-யில் முன்பே தெரிந்தால் கதிர்வீச்சைத் திட்டமிடலாம். டி.என்.ஏ குறியீடு அப்படி எந்த முடிவையும் மாற்றுவதில்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2006 வழிகாட்டுதலும் அதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை.

டிப்ளாய்டு என்ற விடையே இரண்டு வகைக் கட்டிகளைக் கலந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டி.என்.ஏ பிழைதிருத்தம் பழுதான கட்டிகள் பெரும்பாலும் டிப்ளாய்டுக்கு அருகிலேயே இருக்கும். அவற்றைப் பிரித்தறிய எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய 4 புரதங்களுக்கான சாயச் சோதனை தேவை. அதை எல்லா நோயாளிக்கும் சிகிச்சைக்கு முன்பே பயாப்சியில் செய்துவிட வேண்டும்: இவ்வகைக் கட்டியுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து மட்டுமே கொடுத்து, 12 பேரிலும் கட்டி முற்றாக மறைந்ததாக 2022-இல் நியூயார்க்கிலிருந்து அறிவித்தார்கள்.