டாப் ஃப்யூயலா, ஃபன்னி காரா, ப்ரோ ஸ்டாக்கா? ஒரு சீசன் முழுக்க எதைப் பார்ப்பது?

டிராக் ரேஸ் என்றால் இரண்டு வண்டிகள் நேரான தளத்தில் பக்கம் பக்கமாக ஓடும் பந்தயம், தோற்றவர் வெளியேறுவார். அதை அமெரிக்காவில் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் சீசன் மார்ச்சில் ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் தொடங்கி, நவம்பரில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முடிகிறது. நடுவில் ஏறக்குறைய இருபது வாரயிறுதிகள். தொழில்முறைப் பிரிவுகள் நான்கு: டாப் ஃப்யூயல், ஃபன்னி கார், ப்ரோ ஸ்டாக், ப்ரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் எதுவும் மனதில் நிற்காது. புதிதாகப் பார்க்க வருபவர்களை எல்லோரும் டாப் ஃப்யூயலுக்கே அனுப்புகிறார்கள். ஒரே ஒரு ஓட்டம் பார்ப்பதென்றால் அது சரி. சீசன் முழுக்க என்றால் என் ஓட்டு ப்ரோ ஸ்டாக்குக்கு.

டாப் ஃப்யூயலின் கவர்ச்சியை மறுக்க முடியாது. 25 அடி அச்சிடைவெளி (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட நீண்ட வண்டி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 500 கன அங்குல எஞ்சின், 90 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருள், 11,000-க்கு மேல் குதிரைத்திறன். பிரிட்டனி ஃபோர்ஸ் 2019-ல் ரெடிங்கில் 3.623 நொடியில் ஓடி முடித்தார். 2025-ல் மணிக்கு 340 மைலையும் தாண்டினார். அதாவது 547 கிலோமீட்டருக்கு மேல். ஓடுதளம் கால் மைல்கூட இல்லை, ஆயிரம் அடிதான். 2008-ல் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு, வண்டி நிற்பதற்குக் கூடுதல் இடம் வேண்டும் என்று டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் ஆகிய நைட்ரோ வண்டிகளுக்கு மட்டும் தூரத்தைக் குறைத்தார்கள்.

ஆனால் இங்கே பாதிப் போட்டி ஓட்டுநர் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கியர் மாற்றும் வேலையே கிடையாது. கிளட்ச் எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும், எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்பதையெல்லாம் தளத்தின் சூட்டைப் பார்த்து க்ரூ சீஃப், அதாவது வண்டியைத் தயார் செய்யும் குழுவின் தலைவர், முடிவு செய்கிறார். கணக்கு கொஞ்சம் தப்பினால் டயர் புகைந்துவிடும், இல்லையென்றால் ஒரு சிலிண்டர் அணைந்துவிடும். சுற்றுகளுக்கு நடுவே எஞ்சினைப் பிரித்து மாட்டும் வேகம் தனி வித்தை. நேரில் போகிறவர்கள் அதைப் பிட்டிலேயே, அதாவது அணிகள் வண்டியைச் சரிபார்க்கும் இடத்திலேயே, நின்று பார்க்கலாம். நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பிட் திறந்திருக்கும்.

சீசன் நாடகம் என்று பார்த்தால் டாப் ஃப்யூயலின் உச்சம் 2006. நடுவில் 336 புள்ளி பின்தங்கியிருந்த டோனி ஷூமாக்கர், கடைசிப் போட்டியின் கடைசி ஓட்டத்தில் வெல்வதோடு தேசிய சாதனையும் படைத்தால்தான் பட்டம் என்ற நிலை. அப்போது சாதனைக்கு 20 புள்ளி உண்டு. க்ரூ சீஃப் ஆலன் ஜான்சன் அமைத்துக் கொடுத்த வண்டியில் அவர் 4.428 நொடியில் ஓடினார். பட்டத்தை 14 புள்ளியில் இழந்த டக் கலிட்டா, முதல் பட்டத்துக்கு 2023 வரை காத்திருந்தார்.

ஃபன்னி காரில் எஞ்சின் ஏறக்குறைய அதே ராட்சசன்தான். ஆனால் அச்சிடைவெளி 125 அங்குலம், அதாவது பத்தரை அடிகூட இல்லை. மேலே கார்பன் ஃபைபர் கூடு, எஞ்சின் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே. நேராக ஓட மறுக்கும் வண்டியை நேராக ஓட்டுவதுதான் வேலை. எஞ்சின் வெடித்தால் கூடு காற்றில் பறக்கும். பல வருடம் இந்தப் பிரிவு என்றாலே 16 பட்டம் வென்ற ஜான் ஃபோர்ஸ்தான். 2024 ஜூனில் விர்ஜீனியாவில் எஞ்சின் வெடித்து அவர் தலையில் பலத்த காயமடைந்தார். அவருடைய அணியிலேயே டாப் ஃப்யூயலிலிருந்து மாறி வந்த ஆஸ்டின் ப்ராக், அப்பா ஜிம்மி ப்ராக் கவனித்த வண்டியில் அந்த வருடப் பட்டத்தை எடுத்தார். மனிதர்களின் கதைதான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே தங்கிவிடலாம்.

இனி ப்ரோ ஸ்டாக். முழுக் கால் மைல், ஆறரை நொடி, மணிக்கு 210 மைல் சொச்சம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லை, நைட்ரோ இல்லை. பார்வைக்கு எல்லாமே கிட்டத்தட்ட ஒரே செவர்லே கமாரோ கார். முதல் முறை பார்ப்பவருக்குச் சப்பென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். 2016-ல் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கொண்டுவந்தார்கள், எஞ்சின் சுழற்சிக்கும் நிமிடத்துக்கு 10,500 என்று வரம்பு வைத்தார்கள். வண்டிகளுக்கிடையே வித்தியாசம் நொடியின் நூறில் சில பங்குகள்தான். அதனால் ஓட்டுநரின் கை கால்கள் கணக்கில் வருகின்றன: கிளட்சை விட வேண்டும், நான்கு முறை கியர் மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் முன் விளக்கைப் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

தொடக்கக் கோட்டில் மூன்று மஞ்சள் விளக்கும் ஒன்றாக எரிந்த 0.4 நொடியில் பச்சை வரும். பச்சைக்காகக் காத்திருப்பவர் தோற்றார். மஞ்சளைக் கண்டதுமே கால் நகர வேண்டும், அவசரப்பட்டால் சிவப்பு. ஒருவர் பச்சை வந்த 0.010 நொடியில் கிளம்பி 6.52-ல் ஓடுகிறார், மற்றவர் 0.040-ல் கிளம்பி 6.50-ல் ஓடுகிறார் என்று வையுங்கள். கூட்டிப் பாருங்கள், மெதுவாக ஓடியவர்தான் ஜெயிக்கிறார். இதற்கு ஹோல்ஷாட் என்று பெயர். நைட்ரோவிலும் இது நடக்கும், ஆனால் ப்ரோ ஸ்டாக்கின் அன்றாடமே இதுதான். 2014 பொமோனா இறுதிச் சுற்றில் வென்றவருக்கே பட்டம் என்ற நிலையில் எரிகா எண்டர்ஸ் ஜேசன் லைனை வீழ்த்தி, இந்தப் பிரிவின் முதல் பெண் சாம்பியன் ஆனார். இன்று அவரிடம் ஆறு பட்டம். 2024-ல் வென்ற கிரெக் ஆண்டர்சனிடமும் ஆறு. குறை என்னவென்றால், பெரும்பாலான வண்டிகள் எலீட், கேபி டைட்டன் என்ற இரண்டு பட்டறைகளின் எஞ்சினில்தான் ஓடுகின்றன. சில வாரங்களில் இந்தப் பிரிவுக்குப் போட்டியே இருக்காது.

எந்தப் பிரிவை எடுத்தாலும் ஒரு எரிச்சல் கூடவே வரும்: 2007-ல் வந்த கவுண்ட்டவுன் என்ற இறுதிக்கட்டப் புள்ளி முறை. செப்டம்பர் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸ் யு.எஸ். நேஷனல்ஸ் முடிந்ததும் புள்ளிகளை மாற்றியமைத்து இடைவெளிகளைச் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு சுற்று வெற்றிக்கே 20 புள்ளி கிடைக்கும்போது கோடையெல்லாம் சேர்த்த முன்னிலைக்கு என்ன மதிப்பு? போதாததற்கு பொமோனாவில் ஒன்றரை மடங்கு புள்ளி. பரபரப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் 2006-ன் அந்த ஓட்டம் இது எதுவும் இல்லாமலே நடந்தது.

மோட்டார்சைக்கிள் பிரிவு இன்னும் குறைவான வாரங்களே ஓடுகிறது. அங்கே 2023, 2024 இரண்டையும் கெய்ஜ் ஹெரேரா சுருட்டிக்கொண்டார். இதிலிருந்து டாப் ஃப்யூயலுக்குப் போய் நான்கு பட்டம் வென்ற ஆன்ட்ரான் பிரவுனுக்காக வேண்டுமானால் எட்டிப் பார்க்கலாம்.

வெளியேற்றுச் சுற்றுகள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். அங்கே பகல் என்றால் நமக்கு இரவு, சில நாள் திங்கள் விடியல். தூக்கம் கெடாமல் பார்க்க நினைத்தால் மறுநாள் ப்ரோ ஸ்டாக்கின் அரையிறுதியையும் இறுதியையும் மட்டும் பாருங்கள். ஓடிய நேரத்தை விட்டுவிட்டு, கிளம்பிய நேரத்தை முதலில் பாருங்கள்.